பேத்தி இன்னும் டொக்டர் இல்லை

1

அவள் ஒருத்திதான் வாங்கித் தின்றாள், பூமணி. முழுசாக இரண்டு பயத்தம் பணியாரம். மூன்றாவதையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்கட பேத்திக்குக் கிடைச்சது மெடிசின் இல்லை."

செல்வராணி ரீச்சரைத்தான் சொல்கிறேன். எங்கள் முதியோர் சங்கத்துக்கு வருகிறவள். ஊரில் கணக்குப் படிப்பித்தவளாம். யார் எதைச் சொன்னாலும் சிவப்புப் பேனையால் கோடு போடுகிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். மூன்றாவது பணியாரத்தைத் திருப்பி வாளிக்குள் வைத்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். அதையும் தின்றாள்.

வசந்தி என்னை முறைக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

"அம்மா, சுகம் விசாரிக்காமல் ஆராவது கடிதம் தொடங்குவினமோ?"

"பூமணியோடை வேலிக்கு மேலாலை கதைக்கேக்கை நான் சுகம் விசாரிச்சே தொடங்கினனான்? நீ எழுது."

நான் சொல்வது ஒன்று, அவள் எழுதுவது ஒன்று. என் வாயில் வருவதையெல்லாம் புத்தகத் தமிழுக்கு மாற்றி எழுதுகிறாள். வாசிக்கும்போது யாரோ படித்த மனிசி பேசுகிறாள் என்று நினைக்காதே, உன் பக்கத்து வீட்டுக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் இவளுக்கு வேலையில்லை. மற்ற ஆறு நாளும் காலையில் ஒரு இடம், பின்னேரம் இன்னொரு இடம். உனக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று சொன்னால்தான் என் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறாள். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் போன கிழமை வந்தது. கலாவும் பிள்ளைகளும் செட்டிகுளம் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று வசந்தி வாசித்தவுடன் நான் எழும்பி நின்றுவிட்டேன். மூன்று மாதம் உன் மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருந்தோமே. பிறகு அவள் மிச்சத்தை வாசித்தாள். நீ இராணுவத்திடம் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனதையும், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களைப் பார்த்ததையும், கலாவின் மகளுக்குச் செல் வெடித்துத் துண்டு பட்ட கால் இன்னும் வீங்கியிருப்பதையும் எழுதியிருந்தாய். கடைசியில் இப்படி எழுதியிருந்தாய்: "அக்கா, உங்கட பேத்தி டொக்டராமே. காலுக்கு என்ன செய்யலாம் எண்டு அவவிட்டைக் கேட்டு எழுதுங்கோ."

அதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். அந்த ஒரு வரியை நான் இந்த வருசம் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. எப்படி வந்தது என்று முதலில் இருந்து சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

2

வைகாசி மாதம். இங்கே கனடாவில் பனியெல்லாம் போய் மரங்கள் துளிர்க்கிற காலம். எங்கள் வீட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வன்னிச் சண்டையைப் பார்த்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்தோம். மருமகன் வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றாமல் டவுன்ரவுனுக்குப் போய்விடுவார், சண்டையை நிறுத்தச் சொல்லி மற்றச் சனத்தோடு றோட்டில் நிற்க. வன்னிக்கு அடிக்கிற போன் ஒன்றும் மணியடிக்கவில்லை. வீட்டுக்குள் ஒருவரும் உரத்துக் கதைப்பதில்லை. சிரிப்பு வந்தால் குளியலறைக்குள் போய்ச் சிரிக்கவேண்டும் போல இருந்தது.

அப்படி இருந்த வீட்டுக்குள்தான் அபி ஓடிவந்தாள். அபிராமி, வசந்தியின் ஒரே பிள்ளை. பதினேழு வயது. பள்ளிக்கூடப் பை இன்னும் முதுகில்.

"அம்மம்மா! ஐ கொட் இன்! கிடைச்சிட்டுது!"

"என்ன பிள்ளை கிடைச்சது?"

"யூனிவெர்சிட்டி, அம்மம்மா. டவுன்ரவுன் கம்பஸ். டொக்டருக்குப் படிக்கிறதுக்கு."

கடிதம் இல்லை, முத்திரை இல்லை. கொம்பியூட்டரில் வந்ததாம். வீட்டில் நான் மட்டும்தான் நின்றேன். அவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். என்னை! நான் எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரியும்.

பூமணி, நீயே சொல். நாங்கள் கண்டது என்ன? பிள்ளை பெரிய சோதனை எடுக்கும். மருத்துவபீடம் கிடைத்தால் அந்த நாளில் இருந்து அது டொக்டர். உன் தமையனின் மகனுக்குக் கிடைத்தபோது என்ன செய்தோம்? அவன் இன்னும் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. நீ வேலிக்கு மேலால் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, அக்காவுக்குப் பல்லு நோ, என்ன மருந்து?" என்று கேட்டாய். அவனும் யோசிக்கிற மாதிரி நின்று, "உப்புத் தண்ணியாலை கொப்பளிக்கச் சொல்லுங்கோ" என்றான். எனக்கு நோவும் போனது. அன்றில் இருந்து அவன் சைக்கிளில் போனால் டொக்டர் போகிறார் என்றுதான் சொன்னோம். அதுதான் எனக்குத் தெரிந்த வழக்கம். இங்கே வேறு வழக்கம் இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

அன்று பின்னேரமே பயறு வறுத்தேன். கிரைண்டரில் அரைத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தேன். வீடு முழுக்க மணம். வேலையால் வந்த வசந்தி வாசலில் நின்று, "ஆர் அம்மா இந்த நேரத்திலை பலகாரம் சுடுறது?" என்று அதட்டினாள். சொன்னவுடன் காலில் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் இருந்து அழுதாள். அது சந்தோசமா, மற்றதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அம்மா, இதையும் எழுதவேணுமோ?"

எழுது.

3

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் சங்கம். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பஸ். ஒரு நூல்நிலையத்தின் கீழ்மாடியில் கூடுவோம். கையைக் காலை ஆட்டித் தேகப்பயிற்சி, பிறகு தேத்தண்ணி, பிறகு கதை. எப்போதும் முப்பது பேர் வரும். நான் ஐஸ்கிறீம் வாளி நிறையப் பணியாரத்தோடு போன அன்றைக்குப் பன்னிரண்டு பேர்தான். மிச்சப் பேர் றோட்டில் நிற்கப் போய்விட்டார்கள்.

எனக்கு அங்கேயே விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னால் போய் வாளியை நீட்டி, "பேத்திக்கு மெடிசின் கிடைச்சிட்டுது" என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஆனால் கை நீளவில்லை. ஜெசிந்தாவுக்கு முன்னாலும் நீட்டினேன். அவள் மன்னார்க்காரி, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. எப்போதும் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பாள். அவள் என் கையை மெதுவாக அப்பால் தள்ளினாள்.

"இண்டைக்கு வேண்டாம் அக்கா. வன்னியிலை தம்பியின்ர போன் ஆறு நாளா வேலை செய்யேல்லை."

வாளியை மூட நினைத்தேன். மூடி கைக்குள் அகப்படவில்லை. அப்போதுதான் செல்வராணி ரீச்சர் கையை விட்டு எடுத்தாள். எடுத்துத் தின்று, நான் முதலில் சொன்னதைச் சொன்னாள். தன் மகனும் இந்த வழியால் போனவன்தானாம். முதலில் நாலு வருசம் வேறு படிப்பு, பிறகு ஒரு சோதனை, பிறகுதான் மெடிசினுக்கு விண்ணப்பம்.

"உங்கட மோன் இப்ப டொக்டரே?" என்று கேட்டேன்.

"இல்லை. பாங்கிலை வேலை செய்யுறான்."

மிச்சப் பணியாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஆனால் கதையைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. அன்றைக்கே அது வீடு வீடாய்ப் போய்விட்டது. இரண்டு நாளில் ஒஷாவாவில் இருந்து எனக்குத் தெரியாத ஒரு மனிசி போன் எடுத்து, "பிள்ளைக்குச் சம்பந்தம் பேசலாமோ? மாப்பிள்ளை லண்டனிலை எஞ்சினியர்" என்று கேட்டாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு! படிச்சு முடியட்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை சண்டை முடிந்தது என்று ரீவியில் சொன்னார்கள். அந்தச் செவ்வாய் சங்கம் இல்லை.

4

அபி தன் கதையை எனக்குச் சரியாகச் சொன்னது அந்தக் கிழமைதான். மேசையில் ஒரு நீலக் கோப்பைப் பரப்பினாள்.

"அம்மம்மா, லிசின். முதல் நாலு வருசம் டிகிரி. பிறகு எக்ஸாம். பிறகு மெட் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணோணும். கிடைச்சா இன்னும் நாலு வருசம்."

"கிடைச்சாவோ?"

"நிறையப் பேருக்குக் கிடைக்காது."

அவளுக்கு வந்த இடங்கள் மூன்று. ஒஷாவாவிலும் ஒன்று வந்தது, அதில் அவள் கேட்ட பாடம் இல்லை என்று தள்ளிவிட்டாள். மிச்சம் இரண்டில் ஒன்று நான் ஊர் முழுக்கச் சொன்ன டவுன்ரவுன் கம்பஸ். பெரிய பெயர். ஆனால் முழுக் காசும் நாங்கள் கட்டவேண்டும். வீட்டில் இருந்து பஸ்ஸிலும் ரெயினிலும் போய் வரலாம். மற்றது வடக்கே, பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். சின்ன ஊர், சின்னக் கம்பஸ், பெயர் சொன்னால் எங்கள் சனத்துக்குத் தெரியாது. அவர்கள் இவளின் புள்ளிகளைப் பார்த்து நாலு வருசமும் படிப்புச் செலவைத் தாங்களே தருவார்கள். முதல் வருசம் இருக்கிற அறையும் தருவார்கள். இரண்டில் எது வேண்டும் என்று ஆனி பிறந்தவுடன் கொம்பியூட்டரில் அழுத்தவேண்டும்.

அவளுக்கு வடக்கேதான் விருப்பம். வகுப்பில் நாற்பது பேர்தானாம். படிப்பிக்கிறவர்களுக்கு இவளைத் தெரியுமாம். டொக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது புள்ளியைத்தான் பார்ப்பார்களாம், கம்பஸின் பெயரை அவ்வளவு பார்ப்பதில்லையாம்.

வசந்திக்கு இது பிடிக்கவில்லை.

"ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. இப்ப வடக்கே எங்கயோ போறாள் எண்டால் சனம் என்ன சொல்லும்? டவுன்ரவுனிலை எடுக்கேல்லையாம், அதாலை அனுப்பிப்போட்டினம் எண்டுதானே?"

"அம்மா, மெட் ஸ்கூலுக்குத்தான் நிறையக் காசு வேணும். இப்பவே எல்லாத்தையும் முடிச்சா பிறகு என்ன செய்யுறது?"

"அதைப் பிறகு பாப்பம். உன்ர கொப்பா ஓமெண்டிட்டார்."

மருமகன் அதிகம் கதைக்கமாட்டார். "பிக்கரிங் வீடு ஓடிப் போகாது" என்று மட்டும் சொன்னார். பிக்கரிங்கில் ஒரு வீடு வாங்கவென்று இரண்டு பேரும் பல வருசமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். எனக்குக் கீழே ஒரு அறை, கதவைத் திறந்தால் மண். கறிவேப்பிலை வைக்கலாம் என்று மருமகன் சொல்லியிருந்தார்.

இனி நான் சொல்லப்போவதை வசந்திக்கும் இன்றைக்குத்தான் சொல்கிறேன். அவள் பேனையை நிறுத்தாமல் எழுதவேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை, பூமணி. அந்தப் பிள்ளை போகக்கூடாது என்று எனக்கு இருந்தது. நான் கனடாவுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு இங்கே வாசிக்கவும் தெரியாது, கதைக்கவும் தெரியாது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, டொக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அந்த ஒன்பது வயதுப் பிள்ளைதான். முதல் நாள் "நெஞ்சுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்று நான் சொல்ல, அவள் அப்படியே இங்கிலீசில் சொன்னாள். டொக்டர் மனிசி என் சட்டையைத் தூக்கி எறும்பைத் தேடினாள்! பிறகு பிள்ளை பழகிவிட்டாள். பஸ்ஸில் போகும்போதே எல்லாவற்றையும் கேட்பாள். எந்த நேரம் நோகுது, எவ்வளவு நேரம், சாப்பிட முன்னமா பிறகா, வேறு என்ன. கேட்டுக் கேட்டு மனதில் அடுக்கிக்கொண்டு வந்து ஒன்றும் விடாமல் சொல்வாள். டொக்டர் ஆகவேண்டும் என்ற ஆசை அவளுக்கு அங்கே இருந்துதான் வந்தது.

நான் அதையே எடுத்து அவளைக் கட்டினேன்.

"நீ போனால் என்னை ஆர் பிள்ளை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது?"

ஒரு நாள் கேட்டேன். மறுநாளும் கேட்டேன். முழங்கால் நோ அந்தக் கிழமை எனக்கு வழமையைவிடக் கூட நொந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் மட்டும் நொண்டினேன். மூன்றாம் நாள் அவள் நீலக் கோப்பை மூடினாள்.

"ஓகே அம்மம்மா. நான் டவுன்ரவுனுக்கே போறன்."

நான் அவள் தலையைத் தடவினேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுத்தது.

வசந்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுது பிள்ளை. நடந்தது நடந்ததுதானே.

5

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வீட்டின் படம் ஒட்டியிருக்கும். பிக்கரிங்கில் கட்டுகிற வீடுகளின் விளம்பரத் தாள். பழசாகி மடிப்பில் வெளுத்துப்போன தாள். மருமகன் காலையில் பால் எடுக்கும்போது அதை ஒருதரம் பார்ப்பார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

அபி டவுன்ரவுன் என்று சொன்ன மூன்றாம் நாள் காலை. எல்லோரும் வேலைக்கு ஓடுகிற நேரம். மருமகன் பாலை எடுத்தார், கதவை மூடினார், படத்தைப் பார்த்தார். பிறகு காந்தத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்து, தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "மாமி, போட்டு வாறன்" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு முழுக்க வெள்ளையாக இருந்தது. பகல் முழுக்க நான் அந்த வெள்ளைக்கு முன்னால்தான் நடந்தேன். குசினிக்குப் போனாலும் அது, வெளியே வந்தாலும் அது. அந்தப் பிள்ளைக்கு நாலு வருசம் சும்மா தருகிறார்கள். பெற்றவர்களுக்கு ஒரு வீடு மிஞ்சும். நாலு வருசம் கழித்து அவளுக்கு உண்மையாகவே காசு தேவைப்படும்போது கையில் இருக்கும். இவ்வளவையும் மறித்துக்கொண்டு நிற்பது இரண்டு. ஒன்று நான் பணியாரத்தோடு ஊருக்குச் சொன்ன கதை. மற்றது என் முழங்கால்.

பின்னேரம் அபி வந்து பையை இறக்கும்போது சொன்னேன்.

"பிள்ளை, நான் செவ்வாய்க்கிழமை சங்கத்துக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். நீ வடக்கே போற பட்டனை அழுத்து."

"வாட்? அம்மம்மா, உங்கட கால்?"

"காலுக்கு ஒண்டுமில்லை. நான் நடிச்சனான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஐ நோ," என்றாள். "நீங்கள் ஒரு நாள் இடது கால், ஒரு நாள் வலது கால் நொண்டினீங்கள்."

தெரிந்துகொண்டேதான் ஓம் சொன்னாள், பூமணி.

வசந்தி அன்றைக்குச் சண்டை பிடித்தாள். சனம் சிரிக்கும் என்றாள். நான் சொன்னேன்: "சொன்ன வாய் என்ர வாய். சிரிச்சா என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். உன்னை ஒருத்தரும் கேளாயினம்."

அந்தச் செவ்வாய் சங்கத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். தேகப்பயிற்சி இல்லை. மேசையில் ஒரு விளக்கும், அதற்குப் பக்கத்தில் ஜெசிந்தா கொண்டுவந்த மெழுகுதிரியும் எரிந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எழும்பி என் வீட்டுக் கதை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இன்னொரு செவ்வாய் வருவதற்குள் நாள் முடிந்துவிடும்.

"எல்லாரும் மன்னிக்கவேணும்," என்று எழும்பினேன். "நீங்கள் அந்தரப்பட்ட நேரத்திலை நான் பலகாரத்தோடை வந்தது பிழை. நான் சொன்ன கதையும் பிழை. என்ர பேத்தி டொக்டர் இல்லை. டொக்டருக்கும் எடுபடேல்லை. எட்டு வருசம் கிடக்கு, எடுபடாமலும் போகலாம். டவுன்ரவுனிலை இடம் குடுத்தவை, ஆனால் அவள் போகேல்லை. வடக்கே செலவில்லாமல் படிப்பிக்கிறாங்கள், அங்கை போறாள்."

"நான் அண்டைக்கே சொன்னனான்," என்றாள் செல்வராணி ரீச்சர். அவள் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் உடனே, "நல்ல முடிவு. என்ர மோனும் அப்படிப் போயிருக்கலாம்," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் இருந்தேன். ஜெசிந்தா என் பக்கம் சரிந்து காதோடு கேட்டாள்.

"அப்ப பகலிலை நீங்கள் தனியவோ அக்கா?"

அத்தனை பேருக்குள்ளும் அதைக் கேட்டது தம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறவள்.

ஒஷாவா மனிசிக்கும் போன் எடுத்துச் சொன்னேன். "ஓ... அப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன சொல்லுறாங்கள் எண்டு கேட்டுச் சொல்லுறன்" என்றாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

6

புரட்டாதி தொடக்கத்தில் அபி போனாள். காரின் பின்பக்கம் மெத்தை, அரிசிப்பை, ரைஸ் குக்கர், நான் இடித்த மிளகாய்த்தூள். பிக்கரிங் தாண்டும்போது மருமகன் காரை மெதுவாக விட்டதாக வசந்தி சொன்னாள். படம் திரும்பவும் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

என் நாள் இப்படித்தான் போகிறது. காலை ஆறுக்கெல்லாம் இரண்டு பேரும் போய்விடுவார்கள். நான் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து லோரன்ஸ் றோட்டில் போகிற பஸ்களைப் பார்ப்பேன். பத்து மணிக்கு ஜெசிந்தா போன் எடுப்பாள். கதைக்க அவ்வளவு ஒன்றும் இருக்காது. தம்பியைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரீவியில் ஒரே நாடகத்தைப் பார்ப்போம். "இவளைப் பாருங்கோ அக்கா" என்பாள். "பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்பேன். அலுமாரியின் மேல்தட்டில் கிடந்த பணியாரத்தை ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் கொடுத்தேன். கல்லு மாதிரி இருந்தது. தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றாள்.

பின்னேரம் நாலு மணிக்கு என்னை அறியாமல் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுவேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒன்றைத் திருப்பி வைப்பேன்.

போன வியாழன் டொக்டரிடம் தனியாகப் போனேன். அபி போனில் சொல்லித்தந்த மூன்று சொல்லை பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் மூன்றும் பறந்துவிட்டன. கையால் காட்டினேன். டொக்டர் நல்ல மனிசி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஏதோ நிறையச் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். என்ன சொன்னாள் என்று இன்னும் தெரியாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதத்தை வசந்தி போனில் அபிக்கு வாசித்தாள். நானும் பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். காலைப் பற்றி எழுதியதை அபி திரும்பவும் ஒருதரம் வாசிக்கச் சொன்னாள்.

"அம்மம்மா," என்றாள் பிறகு. "எனக்கு இப்ப தவளையின்ர காலைப் பற்றித்தான் படிப்பிக்கினம்."

"தெரியும் பிள்ளை. நான் பூமணிக்குச் சொல்லுறன்."

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"ஒன்பது."

மூக்கை உறிஞ்சுகிறது கேட்டது. பிறகு அவள் வேறு குரலில் கதைக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் என்னிடம் கேட்கிற அந்தக் குரல்.

ஆகையால் பூமணி, அடுத்தமுறை கம்பிக்குப் போகும்போது கலாவிடம் இதைச் சொல். நோ எந்த நேரம் கூடுது, கால்விரலை அசைக்க முடியுதா, காய்ச்சல் வந்து வந்து போகுதா, புண்ணில் மணம் இருக்கா, வீக்கம் நேற்றையைவிட ஏறியிருக்கா. பிள்ளையிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு மனதில் அடுக்கிக்கொண்டு, முகாமுக்கு வருகிற டொக்டரிடம் ஒன்றும் விடாமல் சொல்லச் சொல். அவர் சொல்வதில் விளங்காததை நின்று திருப்பிக் கேட்கச் சொல். அவர் தலையை ஆட்டினால் இவளும் ஆட்டிவிட்டு வரக்கூடாது. சின்னப் பிள்ளைகள் பயத்தில் நோவை ஒளிக்குமாம், கூடப் போகிறவர்தான் சொல்லவேண்டுமாம். இதை அபி இரண்டு தரம் சொன்னாள். தனக்குத் தெரிந்தது இது ஒன்றுதானாம். இது என்னோடு அலைந்து படித்தது.

என் பேத்தி இன்னும் டொக்டர் இல்லை, பூமணி. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். எட்டு வருசம் இருக்கிறது. கலாவின் மகளின் கால் எட்டு வருசம் பார்த்துக்கொண்டிராது, அதனால் நீ அங்கே இருக்கிற டொக்டரை விடாதே.

இன்னொன்று. வன்னியில் பிறந்து நான் காணாத பிள்ளை; வயதை எழுதிய நீ பெயரை எழுதவில்லை. அபி ஒவ்வொரு முறையும் போனில் முதலில் அதைத்தான் கேட்கிறாள், "அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்பிடி, என்ன பேர்" என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் பெயரை எழுது, கால் எப்படி என்று—

பொறு, என்ன மணம் இது? வசந்தி, பேனையை வை. வடக்கே அபிக்கு அனுப்ப வறுக்கப் போட்ட பயறு தாச்சியோடை கருகுது.